கடவுச்சொல்லை அறியாத காவலாளி

ஒரு சிறு புதிரோடு தொடங்குவோம்.

ஓர் அலுவலகம் தன் ஊழியர் ஒருவருக்கு மடிக்கணினி ஒன்றைக் கொடுத்திருக்கிறது. அவருடைய பெயரும் கடவுச்சொல்லைப் பற்றிய பதிவும் அலுவலகத்தில் உள்ள வேறொரு பெரிய கணிப்பொறியில் இருக்கின்றன. அதனைச் சர்வர் என்பர். காலையில் அவர் அலுவலகத்தில் அமர்ந்து கடவுச்சொல்லைத் தட்டுகிறார். மடிக்கணினி சர்வரைக் கேட்கிறது. சர்வர் "சரி" என்கிறது. திரை திறக்கிறது. இதில் வியப்பு ஒன்றும் இல்லை.

மாலையில் அவர் ரயிலில் ஊருக்குப் புறப்படுகிறார். வழியில் இணையம் இல்லை. கைப்பேசிக்குச் சிக்னலும் இல்லை. அதே மடிக்கணினியைத் திறந்து, அதே கடவுச்சொல்லைத் தட்டுகிறார். உடனே திரை திறந்துவிடுகிறது! இப்போது "சரி" என்று சொன்னது யார்? சர்வரோ பல கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அதனோடு பேச வழியே இல்லை.

"மடிக்கணினியே கடவுச்சொல்லை எழுதி வைத்திருக்கும்" என்று உங்களில் சிலர் விடை சொல்லக்கூடும். அப்படி எழுதி வைத்திருந்தால், அதைத் திருடிச் செல்பவன் உள்ளிருக்கும் நினைவகத்தைக் கழற்றிப் படித்துவிடுவானே! உண்மை என்னவென்றால், அந்த மடிக்கணினியில் கடவுச்சொல் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

தன்னிடம் இல்லாத ஒன்றை அது எப்படிச் சரிபார்க்கிறது? சில நாள்களில் சரியான கடவுச்சொல்லையே "தவறு" என்று மறுத்துவிட்டு, கைவிட்ட பழைய கடவுச்சொல்லை ஏற்றுக்கொள்கிறதே, அது ஏன்? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. வாருங்கள், அங்கே போவோம்.

வார்டனும் காவலாளியும்

மாணவர் விடுதி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். விடுதியில் யார் யார் தங்கலாம் என்ற பதிவேடு வார்டனிடம் இருக்கிறது. வாயிலில் ஒரு காவலாளி நிற்கிறார். மாணவர் ஒருவர் வந்தால், காவலாளி வார்டனைக் கேட்டு, அவர் அனுமதித்த பிறகே உள்ளே விடுவார்.

வார்டன் வெளியூர் போயிருக்கும் நாளில் என்ன செய்வது? நேற்றுவரை வார்டன் அனுமதித்த மாணவரை "வார்டன் வரட்டும், அதுவரை தெருவில் நில்" என்று சொல்வது நியாயமா? ஆகவே காவலாளி ஒரு வழி செய்கிறார். வார்டன் அனுமதித்தவர்களின் அடையாளங்களைச் சிறு குறிப்பேட்டில் குறித்துக்கொள்கிறார். வார்டன் இல்லாத நேரத்தில் அந்தக் குறிப்பேட்டைப் பார்த்து உள்ளே விடுகிறார்.

சர்வர்தான் வார்டன், மடிக்கணினிதான் காவலாளி. பல அலுவலகங்களில் பயன்படும் விண்டோஸ் மடிக்கணினிகள் இவ்வாறுதான் நடந்துகொள்கின்றன. 2000-ஆம் ஆண்டில் விண்டோஸ் 2000-உடன் வெளிவந்த ஆக்டிவ் டைரக்டரி என்னும் ஏற்பாட்டில், வார்டனின் பதிவேடு சர்வரில் இருக்கும். காவலாளியின் குறிப்பேடு ஒவ்வொரு மடிக்கணினியிலும் தனித்தனியே இருக்கும்.

அந்தக் குறிப்பேட்டில் என்னதான் எழுதியிருக்கிறது? அதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

எழுதி வைத்ததால் வந்த வினை

ஒரே கணிப்பொறியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் முறை 1961-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் செய்து காட்டப்பட்டது. ஃபெர்னாண்டோ கார்பட்டோ என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் அதனை உருவாக்கினர். ஒருவரது கோப்பை மற்றவர் திறக்காதிருக்க ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் கொடுக்கப்பட்டது. அந்தக் கடவுச்சொற்கள் எல்லாம் ஒரே கோப்பில், உள்ளது உள்ளபடியே எழுதி வைக்கப்பட்டிருந்தன.

1960-களின் நடுவில் ஒருநாள் ஒரு விபரீதம் நேர்ந்தது. பயனாளர்களுக்கு அன்றாட அறிவிப்பைக் காட்டும் கோப்பும், கடவுச்சொற்கள் இருந்த கோப்பும் தவறுதலாக இடம் மாறிவிட்டன. உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன!

இத்தகைய விபத்துகள் ஒரு பாடத்தைக் கற்பித்தன. கோப்பை எவ்வளவு பத்திரமாக ஒளித்து வைத்தாலும் என்றாவது ஒருநாள் அது வெளியே வரும். அப்படியானால், வெளியே வந்தாலும் தீங்கு நேராதபடி அதில் எழுதுவதற்கு ஒரு வழி வேண்டும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ரோஜர் நீடம் என்பவர் அந்த வழியைக் கண்டார். மாரிஸ் வில்க்ஸ் 1968-ல் வெளியிட்ட நூலில் இது குறிப்பிடப்பட்டுள்ளது. கடவுச்சொல்லை எழுதாதே, அதை அரைத்து, அரைத்த மாவை மட்டும் எழுது என்பதே அந்த வழி.

அரைத்த மாவிலிருந்து அரிசி வருமா?

அரிசியை அரைத்தால் மாவாகும். மாவைத் திருப்பி அரைத்தால் அரிசியாகுமா? ஆகாது. கணிதத்திலும் இதுபோன்ற ஒருவழிப் பாதைகள் உண்டு. போவது எளிது, திரும்புவது கடினம். ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடவு எண் 4721 என்று வைத்துக்கொள்வோம். அதை அதனாலேயே பெருக்குங்கள். 2,22,87,841 வரும். இதை 997 ஆல் வகுத்து, ஈவைத் தள்ளிவிட்டு, மீதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மீதி 903. காவலாளி தன் குறிப்பேட்டில் 4721 என்று எழுதவில்லை. 903 என்று மட்டுமே எழுதிக்கொள்கிறார்.

மறுநாள் நீங்கள் வந்து 4721 என்கிறீர்கள். காவலாளி மீண்டும் அதே கணக்கைப் போடுகிறார். 903 வருகிறது. குறிப்பேட்டிலும் 903 இருக்கிறது. உள்ளே போகலாம்! நீங்கள் கைதவறி 4731 என்று சொல்லியிருந்தால் 708 வந்திருக்கும்; கதவு திறந்திருக்காது. ஓர் இலக்கம் மாறினாலும் விடை எங்கோ போய்விடுவதைக் கவனித்தீர்களா? 'கிட்டத்தட்டச் சரி' என்பதே இங்குக் கிடையாது.

இனித் திருடன் பக்கமிருந்து பாருங்கள். குறிப்பேட்டைத் திருடியவனுக்குக் கிடைப்பது 903 மட்டுமே. அதிலிருந்து 4721 என்று நேராகப் படித்துவிட முடியாது. 1000, 1001, 1002 என்று ஒவ்வோர் எண்ணாக அரைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

நம் கணக்கு விளையாட்டுக் கணக்கு. அதில் குறைகள் உண்டு. உண்மையான கணிப்பொறிகள் பயன்படுத்தும் அரைக்கும் முறைக்கு ஹாஷ் என்று பெயர். நம் மீதி அதிகம் போனால் மூன்று இலக்கம். விண்டோஸ் மடிக்கணினியின் குறிப்பேட்டில் இருக்கும் அடையாளமோ 128 பிட் நீளமுள்ளது. அதாவது, அதற்கு வரக்கூடிய மதிப்புகளின் எண்ணிக்கையே 39 இலக்கமுள்ள ஓர் எண்!

உப்பும் பொறுமையும்

ஒரே வகுப்பில் இரண்டு மாணவர்கள் தற்செயலாக 4721 என்ற ஒரே எண்ணைத் தேர்ந்தெடுத்தால் என்னவாகும்? இருவர் பெயருக்கும் நேரே 903 என்று இருக்கும். ஒருவருடையதைக் கண்டுபிடித்தால் மற்றவருடையதும் தெரிந்துவிடும். மேலும், திருடன் எல்லா எண்களுக்கும் முன்கூட்டியே விடை கண்டு ஒரு வாய்பாடு தயாரித்து வைத்துக்கொள்ளலாம்.

இதற்கும் ஒரு மாற்று உண்டு. அரைப்பதற்கு முன் அவரவர் வரிசை எண்ணைக் கூட்டிக்கொள்ளுங்கள். வரிசை எண் 12 உள்ளவருக்கு 4721-உடன் 12 கூட்டினால் 4733. அதை வர்க்கமாக்கி 997 ஆல் வகுத்தால் மீதி 693. வரிசை எண் 35 உள்ளவருக்கு 4756, மீதி 597. கடவு எண் ஒன்றே, அடையாளங்கள் வெவ்வேறு! இப்படிச் சேர்க்கும் சிறு பொருளுக்கு விஞ்ஞானிகள் 'உப்பு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மாவில் உப்புப் போடுவது நமக்குத் தெரியாததா என்ன? விண்டோஸ் மடிக்கணினியின் குறிப்பேட்டில் பயனாளரின் பெயரே உப்பாகச் சேர்க்கப்படுகிறது.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் ஆகிய இருவரும் 1979-ல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் புகழ்பெற்றது. உப்புச் சேர்க்கும் யோசனை அதில் விளக்கப்பட்டுள்ளது. மக்கள் தாமாகவே வைத்துக்கொண்ட 3,289 கடவுச்சொற்களையும் அவர்கள் ஆராய்ந்தார்கள். அவற்றுள் 2,831 மிகச் சிறியவையாகவோ அகராதியிலும் பெயர்ப் பட்டியல்களிலும் கிடைக்கும் சொற்களாகவோ இருந்தன. நூற்றுக்கு 86! பூட்டு எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும் சாவியை மிதியடிக்கு அடியில் வைத்தால் என்ன பயன்?

அவர்கள் வலியுறுத்திய மற்றொரு கருத்து, அரைப்பதை வேண்டுமென்றே மெதுவாகச் செய்ய வேண்டும் என்பது. 2007-ல் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதல், மடிக்கணினியின் குறிப்பேட்டுக்கான அரைப்பு 10,240 முறை திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒருமுறை உள்ளே நுழையும் உங்களுக்கு இந்தத் தாமதம் தெரியவே தெரியாது. கோடிக்கணக்கான சொற்களை முயன்று பார்க்க வேண்டிய திருடனுக்கோ, ஒரே நாளில் முடிந்திருக்கக்கூடிய வேலை 10,240 நாள்களாக, அதாவது ஏறத்தாழ 28 ஆண்டுகளாக நீண்டுவிடுகிறது.

குறிப்பேட்டில் பத்து இடங்கள்

ரயிலில் நடந்தது என்ன என்பது இப்போது விளங்கிவிட்டது. காலையில் சர்வர் "சரி" என்று சொன்ன அந்த நேரத்தில், மடிக்கணினி கடவுச்சொல்லை உப்புச் சேர்த்து அரைத்து, அடையாளத்தைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது. மாலையில் சர்வர் எட்டாதபோது, அவர் தட்டியதை மறுபடி அரைத்து ஒப்பிட்டுப் பார்த்தது. அவ்வளவுதான்!

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை கிடைக்கிறது. அதைக் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். வார்டன் இல்லாதபோது காவலாளிக்குத் தெரிந்தது, தாம் இருவரும் கடைசியாகப் பேசியபோது இருந்த நிலைமை மட்டுமே. அதற்குப் பின் உலகில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. குறிப்பேடு அளவில் சிறியது. மாற்றி அமைக்காவிட்டால் விண்டோஸ் அதில் பத்துப் பேரின் அடையாளங்களையே வைத்துக்கொள்ளும். பதினோராவது நபர் வந்தால் மிகப் பழைய பதிவு அழிந்து அவருக்கு இடம் கொடுக்கும்.

திறக்க மறுத்தால்...

இனி நாம் துப்பறிவோம். வெளியூரில் மடிக்கணினி திறக்க மறுக்கிறது. கோளாறு எங்கே? ஒவ்வொரு முறையும் இந்த இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இப்போது சரிபார்ப்பவர் யார், வார்டனா, காவலாளியா? அவருக்கு என்ன தெரியும்?

1. முதலில் விரல்களைச் சந்தேகியுங்கள். பெரிய எழுத்துக்கான கேப்ஸ் லாக் விசை அழுந்தியிருக்கிறதா? எண்களுக்கான நம் லாக் விசை எந்த நிலையில் இருக்கிறது? விசைப்பலகை ஆங்கிலத்தில் இருக்கிறதா, அல்லது தமிழ் போன்ற வேறு மொழிக்கு மாறியிருக்கிறதா? கடவுச்சொல் புள்ளி புள்ளியாகத் தெரிவதால் இந்தத் தவறு கண்ணில் படாது. கடவுச்சொல் கட்டத்தின் ஓரத்தில் உள்ள கண் படத்தை அழுத்தினால் தட்டியது என்ன என்று தெரியும். அருகில் யாரும் இல்லாதபோது மட்டும் அழுத்துங்கள்! ஓர் எழுத்து மாறினாலும் 903 என்பது 708 ஆகிவிடும் என்பதை மறவாதீர்கள்.

2. இந்த மடிக்கணினியில் அவர் இதற்கு முன் நுழைந்ததுண்டா? புதிய மடிக்கணினியைப் பெட்டியோடு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்த் திறப்பவர்கள் உண்டு. "உள்நுழைவைச் சரிபார்க்கச் சர்வர் எதுவும் இல்லை" என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வரும். பெயரும் சரி, கடவுச்சொல்லும் சரி. ஆனால் காவலாளி அவரைப் பார்த்ததே இல்லை! அலுவலகத்தோடு இணைப்பு உள்ள இடத்தில் ஒருமுறை நுழைந்தால்தான் குறிப்பேட்டில் பதிவு ஏறும். பலர் பயன்படுத்தும் பொது மடிக்கணினியில், பதினோராவது நபர் வந்ததால் பழைய பதிவு அழிந்தவருக்கும் இதே நிலைதான்.

3. கடவுச்சொல்லை வேறு எங்காவது மாற்றினாரா? அடிக்கடி நேரும் தொல்லை இதுதான். வீட்டில் இருந்தபடி, கைப்பேசி வழியாகவோ வேறு கணிப்பொறி வழியாகவோ கடவுச்சொல்லை மாற்றிவிடுகிறார். சர்வரின் பதிவேட்டில் புதியது ஏறிவிட்டது. மடிக்கணினிக்கோ அந்தச் செய்தி வரவில்லை. அது புதிய கடவுச்சொல்லை மறுக்கும், பழையதை ஏற்கும். கோளாறு ஒன்றும் இல்லை. காவலாளி தமக்குத் தெரிந்தபடி நேர்மையாகத்தான் நடந்துகொள்கிறார்.

இதற்கு வழி என்ன? முதலில் பழைய கடவுச்சொல்லால் உள்ளே நுழைய வேண்டும். பின்னர் வி.பி.என். என்னும் பாதுகாப்பான பாதை வழியாக அலுவலகத்தோடு இணைய வேண்டும். அங்கே புதிய கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். இணைப்பு இருக்கும்போதே விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டி, புதிய கடவுச்சொல்லால் திறக்க வேண்டும். இப்போது வார்டன் "சரி" என்கிறார். காவலாளி குறிப்பேட்டைத் திருத்திக்கொள்கிறார். பழையது மறந்துபோயிருந்தால், உள்நுழையும் திரையிலேயே வி.பி.என். வசதி இருந்தாலன்றி, அலுவலகத்துக்குப் போவதுதான் வழி.

4. கடிகாரம் சரியா? இது வார்டனோடு மறுபடி இணையும்போது தலைகாட்டும் தொல்லை. ஆக்டிவ் டைரக்டரி பயன்படுத்தும் சரிபார்ப்பு முறைக்குக் கெர்பராஸ் என்று பெயர். 1983-ல் மாசசூசெட்ஸ் கழகத்தில் தொடங்கிய அதீனா என்னும் திட்டத்தில் அது பிறந்தது. கிரேக்கப் புராணத்தில் பாதாள உலகின் வாயிலைக் காக்கும் பல தலை நாயின் பெயர் அது!

கெர்பராஸ் முறையில் சர்வர் நுழைவுச் சீட்டுகளைக் கொடுக்கிறது. பேருந்துச் சீட்டைப் போல அவற்றில் நேரம் குறிக்கப்பட்டிருக்கும். கம்பியில் போகும் செய்தியை ஒட்டுக்கேட்டு நகல் எடுப்பவன், பிறகு அதைக் காட்டி ஏமாற்றாதிருக்கவே இந்த ஏற்பாடு. இரண்டு கடிகாரங்களுக்கும் இடையே பொதுவாக 5 நிமிடம் வரை வேறுபாடு பொறுத்துக்கொள்ளப்படும். அதற்கு மேல் போனால் சீட்டுச் செல்லாது. பல மடிக்கணினிகளில் கடிகாரத்தை ஓடச் செய்வது காசு வடிவிலான ஒரு சிறு பேட்டரி. அது தீர்ந்துவிட்டால் தேதியே பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடக்கூடும். இன்றைய கணிப்பொறிகள் நேரத்தைத் தாமே திருத்திக்கொள்ள முயலும். ஆனாலும் திரையின் மூலையில் உள்ள தேதியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சில விநாடிகளில் முடியும் சோதனை இது!

5. கம்பியைக் கழற்றினால் திறக்கிறது, மாட்டினால் மறுக்கிறது! இது விசித்திரமாகத் தோன்றும். ஆனால் நம் இரண்டு கேள்விகளையும் கேட்டால் விடை வந்துவிடும். கம்பி இல்லாதபோது சரிபார்ப்பவர் காவலாளி; அவருடைய குறிப்பேடு சரியாக இருக்கிறது. கம்பி இருக்கும்போது சரிபார்ப்பவர் வார்டன். தகராறு அவர் பக்கத்தில்.

மனிதருக்கு இருப்பதுபோல மடிக்கணினிக்கும் சர்வரிடம் தனியே ஒரு கடவுச்சொல் உண்டு. வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை அதை மடிக்கணினியே மாற்றிக்கொள்ளும். மாற்றத்தைத் தொடங்குவது மடிக்கணினிதான் என்பதால், அது ஆறு மாதம் அலமாரியில் கிடந்தாலும் அதனால் மட்டும் ஒப்பந்தம் முறியாது. ஆனால் யாராவது பழைய காப்பு நகலைப் போட்டு மடிக்கணினியைப் பின்னோக்கிக் கொண்டுபோனால், அதனிடம் பழைய கடவுச்சொல்லும் சர்வரிடம் புதியதும் இருக்கும். "உன்னை எனக்குத் தெரியாது" என்று வார்டன் காவலாளியையே நம்ப மறுப்பார்! அலுவலகத்தின் கணிப்பொறிப் பொறுப்பாளர்தான் இந்த நம்பிக்கையைப் புதுப்பிக்க முடியும்.

6. பலமுறை முயன்றாரா? இணைப்பு இருக்கும்போது தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பத் தட்டினால், பல அலுவலகங்களில் சர்வர் அந்தக் கணக்கைச் சிறிது நேரம் பூட்டிவிடும். பிறகு சரியானதைத் தட்டினாலும் பயன் இல்லை. ஆகவே இரண்டு மூன்று முறை தவறினால் கையை எடுத்துவிட்டு, முதல் கேள்வியிலிருந்து யோசிப்பதே அறிவுடைமை.

இந்த ஆறு சோதனைகளிலும் ஒரு பொது முறை இருப்பதைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்க்கவில்லை. ஒரு நிபந்தனையை மட்டும் மாற்றினோம். மற்றவற்றை அப்படியே விட்டோம். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஊசல் குண்டின் எடையை மாற்றாமல் நூலின் நீளத்தை மட்டும் மாற்றி அலைவு நேரத்தை அளக்கிறீர்களே, அதே முறைதான் இதுவும்.

நினைவுக்கு ஒரு விலை

இத்தனை வசதி தரும் குறிப்பேட்டில் ஆபத்து எதுவும் இல்லையா? இருக்கிறது.

ஒருவர் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சர்வரில் அவருடைய கணக்கை முடக்கிவிட்டார்கள். ஆனால் மடிக்கணினி இன்னும் அவர் கையில் இருக்கிறது. அவர் அதை இணையத்தோடு சேர்க்காமலே திறக்கிறார். காவலாளிக்குச் செய்தி தெரியாதே! கதவு திறக்கும். விண்டோஸ் குறிப்பேட்டில் உள்ள அடையாளம் நாள் கடந்ததால் மட்டும் காலாவதி ஆவதில்லை. அதுபோலவே, யாரோ ஒருவர் நம் கடவுச்சொல்லைக் கண்டுவிட்டார் என்று அஞ்சி அதை அலுவலகத்தில் மாற்றுகிறோம். திருட்டுப்போன மடிக்கணினியோ பழைய கடவுச்சொல்லுக்கு இன்னும் தலையாட்டிக்கொண்டிருக்கும்.

"அப்படியானால் குறிப்பேடே வேண்டாம்" என்று சொல்லலாமா? பத்து என்ற எண்ணிக்கையைப் பூச்சியம் ஆக்கவும் வழி இருக்கிறது. ஆனால் அதன் விளைவை எண்ணிப் பாருங்கள். சிக்னல் இல்லாத மலைக்கிராமத்துக்கு மருத்துவ முகாமுக்குச் சென்ற டாக்டர், நோயாளியின் பழைய பரிசோதனை முடிவுகளைப் பார்க்க மடிக்கணினியைத் திறக்கிறார். அது "சர்வர் இல்லை" என்று சொல்லிவிட்டால்? திருடனைத் தடுக்கப் போட்ட பூட்டு உரியவரையும் வெளியே நிறுத்திவிடும்.

ஆகவே அலுவலகங்கள் நடுவழியைத் தேடுகின்றன. மேசையை விட்டு நகராத கணிப்பொறிக்குக் குறிப்பேடு தேவையே இல்லை. ஒருவரே பயன்படுத்தும் மடிக்கணினிக்குப் பத்து இடங்கள் எதற்கு? ஒன்றோ இரண்டோ போதும். அத்துடன், நினைவகம் முழுவதையும் மறைகுறியாக மாற்றி வைக்கிறார்கள். அதனால் நினைவகத்தைக் கழற்றிக்கொண்டு போனாலும் திருடனுக்கு எதுவும் புரியாது. விண்டோஸின் பிட்லாக்கர் என்னும் ஏற்பாடு இதைத்தான் செய்கிறது. அதன் மீட்புச் சாவி 48 இலக்கங்கள் கொண்டது. அதை மடிக்கணினிப் பையிலேயே எழுதி வைப்பவர்களை என்னவென்று சொல்வது?

எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசிப் பாதுகாப்பு கடவுச்சொல்லின் நீளத்தில் இருக்கிறது. நான்கு இலக்க எண்கள் மொத்தம் 10,000 மட்டுமே. எட்டுச் சிறிய ஆங்கில எழுத்துகளை வரிசைப்படுத்தும் வழிகள் சுமார் 20,882 கோடி. எழுத்துகளைப் பன்னிரண்டாக உயர்த்தினால் அது மேலும் 4,56,976 மடங்கு பெருகும். இந்தப் பெருக்கம் எழுத்துகளை மனம்போன போக்கில் கலந்து எடுத்தால்தான். உங்கள் பெயரையும் பிறந்த ஆண்டையும் சேர்த்து வைத்தால், திருடன் அதைத்தான் முதலில் அரைத்துப் பார்ப்பான்!

வகுப்பில் செய்து பாருங்கள்

ஒருவர் வார்டன், ஒருவர் காவலாளி. மற்றவர்கள் விடுதி மாணவர்கள். ஒவ்வொரு மாணவரும் ஒரு நான்கு இலக்க எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, அதை வார்டனிடம் மட்டும் காதோடு சொல்லட்டும். பின்னர் ஒவ்வொருவராக வாயிலுக்கு வந்து தம் எண்ணைக் காவலாளியிடம் சொல்லட்டும். வார்டன் "சரி" என்றதும், காவலாளி அதனுடன் வரிசை எண்ணைக் கூட்டி, வர்க்கமாக்கி, 997 ஆல் வகுத்து, மீதியை மட்டும் குறிப்பேட்டில் எழுதட்டும். அதில் ஐந்து பேருக்கு மட்டுமே இடம். இப்போது வார்டன் வகுப்பை விட்டு வெளியே போகட்டும். இரண்டு மாணவர்கள் பின்னாலேயே போய்த் தங்கள் எண்ணை மாற்றிக்கொண்டு வரட்டும். யாரை உள்ளே விடுவார், யாரைத் தடுப்பார், ஏன் என்று காவலாளியைக் கேளுங்கள்.

இந்தக் கேள்விகளையும் யோசியுங்கள்.

அ. உப்புச் சேர்க்காத நம் முதல் கணக்கில், 4721-க்குப் பதிலாக 5718 என்று ஒருவர் சொன்னால் காவலாளி என்ன செய்வார்? போட்டுப் பாருங்கள். 4721-க்கும் 5718-க்கும் உள்ள வித்தியாசம் என்ன? உண்மையான அடையாளங்கள் ஏன் அவ்வளவு நீளமாக இருக்கின்றன என்பது புரியும்.

ஆ. கடவுச்சொல்லை மாற்றியவர் புதிய கடவுச்சொல்லோடு வி.பி.என்.னில் இணைந்துவிட்டார், ஆனால் திரையைப் பூட்டித் திறக்காமலே மடிக்கணினியை அணைத்துவிட்டார். மறுநாள் ரயிலில் எந்தக் கடவுச்சொல்லை முதலில் முயல வேண்டும்?

இ. ஒரு மடிக்கணினியின் தேதி 2009 என்று காட்டுகிறது. இணைப்பு இல்லாமல் அது திறக்குமா? அலுவலகத்தில் அது தொல்லை கொடுக்குமா?

விடைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சரிபார்ப்பவர் யார், அவருக்கு என்ன தெரியும் என்ற இரண்டு கேள்விகள் உங்கள் நினைவில் இருந்தால் போதும். வீட்டில் பெரியவர்கள் யாராவது "கடவுச்சொல் சரிதான், ஆனால் திறக்கவில்லையே" என்று மடிக்கணினியோடு மல்லுக்கட்டினால், கடவுச்சொல்லைச் சொல்லும்படி அவரிடம் கேட்காதீர்கள். அது அவருடைய இரகசியம். கடைசியாக அதை எப்போது, எங்கே மாற்றினார் என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியே கதவைத் திறந்துவிடும்.